எடை குறைஞ்சாச்சு, இனி எதுக்கு நடக்கணும்?

வங்கியில வேலை பார்க்கிறவங்களுக்கு மார்ச் 31-ன்னா என்னன்னு விளக்கத் தேவையில்லை. மத்தவங்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். வருஷம் முடியறதுக்குள்ள இவ்வளவு டெபாசிட் காட்டணும்னு ஒவ்வொரு கிளைக்கும் டார்கெட் இருக்கும். மார்ச் கடைசி வாரம் மேனேஜர் தெரிஞ்ச முதலாளிங்களுக்கெல்லாம் போன் போடுவார். "ரெண்டே ரெண்டு நாளைக்குப் போட்டு வைங்க சார்"னு கெஞ்சுவார். 31 ராத்திரி டார்கெட் தாண்டியிருக்கும், லட்டு வரும். ஏப்ரல் முதல் வாரத்துல அந்தப் பணம் வந்த வழியே போயிடும். பி.காம். படிக்கும்போது இதுக்கு 'விண்டோ டிரெஸ்ஸிங்'னு பேர் சொல்லிக் குடுத்தாங்க. கணக்குல பொய் எதுவும் இல்லை, அந்த ஒரு நாள் அந்தத் தொகை நிஜமாவே இருந்தது. ஆனா கிளை வளரலை.

நம்ம ஆளுங்க எடை குறைக்கிற கதையும் இப்படித்தான் போகுதோன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம். அதைப் பத்தித்தான் இன்னிக்கு. (ரெண்டு வாரமா ஆணி அதிகம், இந்தப் பக்கம் வர முடியலை. மன்னிச்சுக்கோங்க மக்களே.)

எங்க ஆபீஸ்ல ஒரு சேட்டன். 86 கிலோ இருந்தார். பொண்ணு கல்யாணத்துக்குள்ள 74 ஆகணும்னு முடிவு பண்ணார். காலையில அஞ்சரை மணிக்கெல்லாம் ஸ்ரீவராகம் கோயில் குளத்துப் பக்கம் அவரைப் பார்க்கலாம். இடவப்பாதி மழை கொட்டும்போதும் குடையோட நடப்பார். மத்தியானம் சோறு பாதி, சாயந்திரம் பழம்பொரி கிடையாது. எட்டு மாசத்துல 74 வந்துடுச்சு! அன்னிக்குக் கிளைக்கே போளி வாங்கிக் குடுத்தார். "சாரே, ஜோலி தீர்ந்நு" அப்படின்னார். வேலை முடிஞ்சுதாம். அந்த வாரத்தோட ஷூ அலமாரிக்குள்ள போயிடுச்சு. கல்யாணம் நல்லா நடந்தது. ஒரு வருஷம் கழிச்சு அவர் எடை 83.

இந்தக் கதையைச் சொன்னா உடனே எல்லாரும் சொல்றது, "விடாமுயற்சி இல்லைங்க". எனக்கு அது சரியாப் படலை. எட்டு மாசம் மழையில நடந்த மனுஷனுக்கா விடாமுயற்சி இல்லை? அவர் யோசிச்சதுல தர்க்கமும் சரியாத்தான் இருக்கு. கடன் அடைஞ்சு போச்சு, இனி எதுக்கு ஈ.எம்.ஐ. கட்டணும்? தப்பு அந்தக் கேள்வியில இல்லை. நடைங்கிறதைக் கடன் கணக்குல எழுதினதுலதான் இருக்கு. அது ஒரு நாள் கட்டி முடிச்சு நோ டியூ சர்ட்டிபிகேட் வாங்கற சமாச்சாரம் இல்லை. வீட்டு வாடகை, கரண்ட் பில் மாதிரி. குடியிருக்கிற வரைக்கும் கட்டணும்.

எண் வந்ததும் ஏன் சுருதி இறங்குது?

எடை குறையும்போது ஒரு ருசி இருக்கு. வாராவாரம் மெஷின்ல ஏறினா அரைக் கிலோ, முக்கால் கிலோன்னு ஏதாவது ஒரு சம்பளம் கிடைக்கும். பேண்ட் லூசாகும். பெல்ட்ல புது ஓட்டை போடுவோம். இலக்கைத் தொட்டதுக்கு அப்புறம் மெஷின் தரக்கூடிய நல்ல செய்தி ஒண்ணே ஒண்ணுதான்: "மாற்றம் இல்லை". மாற்றம் இல்லைங்கிறதுக்கு யாரும் போளி வாங்கிக் குடுக்க மாட்டாங்க. புது டெபாசிட் பிடிச்சவருக்கு ஷீல்டு குடுக்கிற வங்கியில, இருக்கிற டெபாசிட்டை வெளியே போகாம பார்த்துக்கிட்டவருக்கு என்ன குடுத்தாங்க? அதே கதைதான்.

அதுவும் வெளியூர்ல இருக்கிற நமக்கு இலக்கே பெரும்பாலும் ஒரு தேதியோட வரும். ஊர்ல தங்கச்சி கல்யாணம், இன்சூரன்ஸ் மெடிக்கல், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை போற லீவு. அந்தத் தேதி தாண்டினா காரணமும் தாண்டிப் போயிடும்.

சரி, கஷ்டப்பட்டு இளைச்சுட்டு ஊருக்குப் போனா பாராட்டாவது கிடைக்குமா? ம்ஹூம். கும்பகோணத்துல எங்க பெரியம்மா வாசல்லயே நிறுத்தி வச்சு, "என்னடா இப்படி இளைச்சுப் போயிட்டே, சுகரா?"ன்னு கேப்பாங்க. இங்க திருவனந்தபுரத்துல "க்ஷீணிச்சு போயல்லோ!"ம்பாங்க. மலையாளத்துல இளைக்கிறதுக்கும் களைச்சுப் போறதுக்கும் ஒரே வார்த்தை. நம்ம ரெண்டு ஊர்லயும் சதை போட்டாத்தான் சௌக்கியம். எட்டு மாச உழைப்புக்கு ஒரு துக்க விசாரிப்புதான் பரிசுன்னா யாருக்குங்க மறுநாள் ஷூ மாட்டத் தோணும்?

உடம்பும் சும்மா இருக்கிறதில்லை

அமெரிக்காவுல 'தி பிக்கஸ்ட் லூசர்'னு ஒரு டிவி போட்டி. யார் அதிகம் எடை குறைக்கிறாங்களோ அவங்களுக்குப் பரிசு. அதுல கலந்துக்கிட்ட 14 பேரை, போட்டி முடிஞ்சு 6 வருஷம் கழிச்சு கெவின் ஹால் குழுவினர் சோதிச்சு 2016-ல வெளியிட்டாங்க. போட்டியில சராசரியா 58 கிலோ குறைச்சவங்க, அதுல 41 கிலோவைத் திரும்பப் போட்டிருந்தாங்க. அதைவிட முக்கியம், சும்மா உட்கார்ந்திருக்கும்போது அவங்க உடம்பு செலவழிக்கிற கலோரி, அந்த எடைக்கு இருக்க வேண்டியதைவிட நாளுக்கு சுமார் 500 குறைவா இருந்தது. 6 வருஷம் கழிச்சும்!

பசி அதுக்கு மேல. மெல்போர்ன்ல எடை குறைச்ச 50 பேரை வச்சுச் செஞ்ச ஆய்வு 2011-ல வந்தது. பசியைத் தூண்டற ஹார்மோன்கள் எடை குறைஞ்சு ஒரு வருஷம் ஆன பிறகும் பழைய நிலைக்கு வரலையாம். நாம டார்கெட் முடிஞ்சதுன்னு லட்டு சாப்பிடறோம். உடம்போ, போன பணத்தை எப்படித் திரும்பப் பிடிக்கிறதுன்னு கணக்குப் போட்டுக்கிட்டிருக்கு. நாம கடையை மூடற நாளும் அது கடை திறக்கிற நாளும் ஒண்ணா இருக்கு.

அப்போ எடையைத் தக்க வச்சவங்களே இல்லையா? இருக்காங்க. அந்த 14 பேர்லயே ஓரளவு தக்க வச்சவங்க, மத்தவங்களைவிட ரொம்ப அதிகமா உடம்பை அசைச்சவங்கன்னு அடுத்த வருஷம் வந்த இன்னொரு கட்டுரை சொல்லுது. அமெரிக்காவுலயே 1994-ல ரீனா விங், ஜேம்ஸ் ஹில் ரெண்டு பேரும் ஒரு பதிவேடு ஆரம்பிச்சாங்க. 13.6 கிலோவாவது குறைச்சு ஒரு வருஷமாவது தக்க வச்சவங்கதான் அதுல சேரலாம். சேர்ந்த பெரும்பாலானவங்க சராசரியா நாளுக்கு 1 மணி நேரம் உடற்பயிற்சி செய்யறாங்க. அதிகம் பேர் செய்யறது என்ன தெரியுமா? நடை. ஜிம் இல்லை, ஜும்பா இல்லை, வெறும் நடை. இலக்குக்கு அப்புறமும் நடந்தவங்ககிட்டத்தான் எடை நின்னிருக்கு.

சென்னைக் கணக்கு

ஆனா இத்தோட நிறுத்தினா நடைங்கிறது எடைக்குக் காவல்காரன்தான்னு ஆயிடும். என் கருத்து அதைவிடக் கொஞ்சம் கூட. எடை குறையவே இல்லைன்னாலும் நடைக்கு வட்டி உண்டு. இதுக்கு ஆதாரம் நம்ம சென்னையிலயே இருக்கு.

டாக்டர் அ.ராமச்சந்திரன் தலைமையில நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006-ல வெளியாச்சு. சர்க்கரை நோய் வர்ற விளிம்புல இருந்த 531 பேர். சராசரி வயசு 46. அலுவலகங்கள்ல சுற்றறிக்கை அனுப்பிப் பிடிச்ச ஆளுங்க, அவங்க குடும்பத்தினர். அதாவது அச்சு அசலா நம்மளை மாதிரி நாற்காலி உத்தியோகக் குடும்பங்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான ஆலோசனை மட்டும். இன்னொரு பிரிவுக்குச் சாப்பாட்டுல சர்க்கரை, மைதா, எண்ணெய் குறைக்கச் சொல்லி, தினமும் 30 நிமிஷமாவது வேகமா நடக்கச் சொன்னாங்க. வேற ரெண்டு பிரிவுக்கு மெட்பார்மின் மாத்திரை, ஒண்ணுக்குத் தனியா, ஒண்ணுக்கு நடையோட சேர்த்து.

3 வருஷத்துல சும்மா இருந்த பிரிவுல 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்துடுச்சு. நடந்து, சாப்பாட்டை மாத்தினவங்கள்ல 39.3 சதவீதம். மாத்திரைப் பிரிவுலயும் கிட்டத்தட்ட அதே அளவுதான், 40.5.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். அந்த நடந்த பிரிவுக்கு எடை குறிப்பிடும்படியா குறையலை! மெஷின்ல ஏறிப் பார்த்திருந்தா "ஒண்ணும் பிரயோஜனம் இல்லை"ன்னு சொல்லியிருக்கும். மூணு வருஷம் முள் அசையாம நின்னுருக்கு, உள்ள ஆபத்து குறைஞ்சிருக்கு. எடை மட்டுமே குறின்னு நினைச்ச ஆள் ஆறு மாசத்துல விட்டிருப்பார்.

இன்னொரு கதை. 2004-ல 'லான்செட்' மருத்துவ இதழ்ல ரெண்டு டாக்டர்கள் தங்களையே உதாரணமா வச்சு ஒரு குட்டிக் கட்டுரை எழுதினாங்க. ஒருத்தர் புனேயில இருக்கிற யாஜ்னிக், இன்னொருத்தர் லண்டன் யுட்கின். ரெண்டு பேருக்கும் பி.எம்.ஐ. ஒண்ணுதான், 22.3. யாரும் குண்டுன்னு சொல்ல மாட்டாங்க. ஆனா யுட்கின் உடம்புல கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்புல 21.2 சதவீதம். யுட்கின் மாரத்தான் ஓடறவர். ஒல்லியா இருக்கிற இந்திய உடம்புக்குள்ளயும் கொழுப்பு ஒளிஞ்சிருக்கும்ங்கிறதுதான் பாடம். 74 கிலோங்கிறது வெறும் மொத்தத் தொகை. அதுல சதை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவுன்னு மெஷின் சொல்லாது. பேலன்ஸ் ஷீட்ல ஒரே ஒரு வரியை மட்டும் பார்த்துக் கடன் குடுத்தா என்ன ஆகும்னு வங்கிக்காரனுக்குத் தெரியும்.

நேர்மையா இருக்கணும்னா பக்கத்து ஊர்க் கணக்கையும் சொல்லணும். ஸ்ரீவராகத்துல இருந்து பஸ் பிடிச்சா எட்டற தூரம் நெய்யாற்றின்கரை. அந்தத் தாலுகாவுல 60 வாக்குச்சாவடிப் பகுதிகள்ல 1007 பேரை வச்சுக் கேரள நீரிழிவுத் தடுப்பு ஆய்வு நடந்தது. முடிவு 2018-ல வந்தது. அக்கம்பக்கத்து ஆளுங்களையே தலைவர்களா வச்சுக் குழுவாக் கூடிப் பேசறது, நடக்கறது, காய்கறி வளர்க்கறதுன்னு ஒரு முயற்சி. ரெண்டு வருஷம் கழிச்சுப் பார்த்தா, குழுவுல இருந்தவங்கள்ல 14.9 சதவீதம் பேருக்கும், இல்லாதவங்கள்ல 17.1 சதவீதம் பேருக்கும் சர்க்கரை நோய். இந்த வித்தியாசத்தை வச்சு வெற்றின்னு புள்ளியியல் சொல்லாது. ஆனா பழம் காய்கறி சாப்பிடறது கூடியிருந்தது, குடி குறைஞ்சிருந்தது, உடம்பு நடமாட்டம் நல்லா இருக்குன்னு அவங்களே சொல்லியிருந்தாங்க. சென்னைக் கணக்கை மட்டும் காட்டி இதை மறைச்சா அதுவும் விண்டோ டிரெஸ்ஸிங்தானே? நடை மந்திரம் இல்லை. சதவீதக் கணக்குல கொஞ்சம் நம்ம பக்கம் சாயற ஒரு முதலீடு. அவ்வளவுதான். எப்.டி. வட்டியும் அப்படித்தான், அதுக்காக யாரும் போடாம இருக்கோமா?

ஊசி வந்தாச்சே சார்?

இப்பல்லாம் இதுதான் கேள்வி. செமாக்ளுடைடு, டிர்செபடைடுன்னு வாராவாரம் போடற ஊசிகள். 2025-ல மவுஞ்சாரோவும் வெகோவியும் இந்தியாவுக்கும் வந்தாச்சு. டாக்டர் சொல்லி, தேவைப்படறவங்க எடுத்துக்கறதுல தப்பே இல்லை, பல பேருக்கு உபகாரம்தான். ஆனா செமாக்ளுடைடு ஊசியை நிறுத்தி ஒரு வருஷத்துல, குறைச்ச எடையில மூணுல ரெண்டு பங்கு திரும்பி வந்துடுச்சுன்னு 2022-ல வந்த ஆய்வு சொல்லுது. ஊசியில எடை குறையும்போது கொழுப்போட தசையும் கொஞ்சம் போகுது. அதனால எண்ணைச் சுலபமாத் தொட்டவங்களுக்குத்தான் நடையும், கொஞ்சம் பாரம் தூக்கற பயிற்சியும் இன்னும் அதிகமாத் தேவை.

சரி, என்னதான் செய்யச் சொல்றே?

எண்ணைத் தொட்ட அன்னிக்கே கணக்குப் புத்தகத்தை மாத்தணும். என் யோசனைகள் இவை:

1. எடை மெஷினைக் கட்டிலுக்கு அடியில தள்ளுங்க. மாசம் ஒரு தடவை போதும். அதுக்குப் பதிலா காலண்டர்ல நடந்த நாளுக்கு ஒரு டிக். மாசத்துக்கு 22 டிக் வந்தா அந்த மாசம் பாஸ். எடை நம்ம கையில இல்லை. டிக் நம்ம கையில இருக்கு.

2. கடன் தவணை 90 நாள் தாண்டினா வாராக்கடன். நடைக்கு அவ்வளவு சலுகை கிடையாது. ஒரு நாள் விடலாம். தொடர்ந்து ரெண்டு நாள் விடக்கூடாது. இந்த ஒரு விதி போதும்.

3. எடை குறைக்கும்போது நடந்த அதே வேகத்துல ஆயுசு பூரா நடக்கணும்னு பயப்படாதீங்க. உலக சுகாதார நிறுவனம் கேக்கறது வாரத்துக்கு 150 நிமிஷம். நாளுக்கு அரை மணி, வாரத்துல அஞ்சு நாள். எடை திரும்பாம இருக்கணும்னா இதைவிடக் கொஞ்சம் கூடத் தேவைப்படலாம். ஆனா பூஜ்யத்துக்கும் 150-க்கும் இருக்கிற தூரம்தான் பெரிய தூரம். நாற்பதைத் தாண்டினவங்க வாரத்துல ரெண்டு நாள் தசைக்கும் ஏதாவது செய்யணும். மாடிப்படி, உட்கார்ந்து எழறது, தண்ணி கேன் தூக்கறது, எதுவானாலும் சரி.

4. மழைக்குத் தனியா ஒரு திட்டம். இங்க இடவப்பாதி ஒரு தடவை, துலாவர்ஷம் ஒரு தடவை. லண்டன், டொரண்டோவுல இருக்கிறவங்களுக்குப் பனி. துபாய்க்காரங்களுக்கு வெயில். வராண்டாவோ, மாலோ, அபார்ட்மெண்ட் படிக்கட்டோ, முன்னாடியே முடிவு பண்ணி வச்சுக்கணும். மழை பெய்யும்போது யோசிச்சா போர்வைதான் ஜெயிக்கும்.

5. இதுதான் எனக்குப் பிடிச்ச யோசனை. ஊருக்குப் போன் பேசறதை நடந்துக்கிட்டே பேசுங்க. அம்மாகிட்ட எப்படியும் இருபது நிமிஷம் பேசத்தான் போறோம். பக்கத்து வீட்டு மாடு கன்னு போட்டதுல ஆரம்பிச்சு மாமா பையன் வரன் பார்த்தது வரைக்கும் கேட்டு முடிக்கறதுக்குள்ள குளத்தை ஒரு சுத்து சுத்தி வந்துடலாம். நடைக்குக் காரணம் எடை இல்லை, அம்மான்னு ஆயிடுச்சுன்னா நிறுத்த முடியாது பாருங்க. நிறுத்தினா அவங்களே கேப்பாங்க, "என்னடா, மூச்சு வாங்கற சத்தமே கேக்கலை"ன்னு.

கடைசியா, ஏன் இவ்வளவு சொல்றேன்

2023-ல வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வுப்படி கேரளாவுல பெரியவங்கள்ல 25.5 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். நாலு பேர்ல ஒருத்தர். தமிழ்நாட்டுல 14.4. பிழைக்க வந்த ஊர்ல நமக்குக் கிடைக்கற சம்பளத்தோட சேர்ந்து வர்ற பொருள் இது.

இங்க ஆஸ்பத்திரியில யாரையாவது சேர்த்தா நர்ஸ் கேக்கற முதல் கேள்விகள்ல ஒண்ணு, "பைஸ்டாண்டர் ஆரா?" நோயாளியோட கூட இருக்கப் போறது யாருன்னு அர்த்தம். ஊர்லன்னா அதுக்குச் சித்தப்பா இருக்கார், அத்தை இருக்காங்க, எதிர்வீட்டுப் பையன் பைக்கை எடுத்துக்கிட்டு வருவான். வெளியூர்ல நமக்கு அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான், வீட்டுக்காரம்மா. இல்லேன்னா வீட்டுக்காரர். அவங்க ஆஸ்பத்திரியில இருந்தா பிள்ளைங்களை ஸ்கூல்ல இருந்து யார் கூட்டிட்டு வர்றது? ஹவுசிங் லோன் தவணை நம்ம ஒருத்தர் கால்ல நிக்குது. ஊர்ல இருக்கிற அம்மா அப்பாவுக்கு ஏதாவதுன்னா ராத்திரி பஸ் ஏறி ஓட வேண்டியதும் இதே கால்தான். மெஷின்ல 74 காட்டினதால இந்தப் பொறுப்பு எதுவும் குறையப் போறதில்லை.

அதனால எடை குறைச்சு முடிச்ச மகா ஜனங்களே, முதல்ல வாழ்த்துகள். நிஜமாவே பெரிய சாதனை. போளி சாப்பிடுங்க, தப்பில்லை, பால்பாயசத்தோட சேர்த்துச் சாப்பிட்டாத்தான் திருவனந்தபுரத்து மரியாதை. ஆனா மறுநாள் காலையில ஷூவை அலமாரிக்குள்ள வைக்காதீங்க. வாசல்லயே கிடக்கட்டும்.

டிஸ்கி: நான் வங்கிக்காரன், டாக்டர் இல்லை. சர்க்கரைக்கு மாத்திரை, இன்சுலின் எடுக்கறவங்க, இதயத் தொந்தரவு, மூட்டு வலி இருக்கிறவங்க உங்க டாக்டரைக் கேட்டுட்டு எவ்வளவு நடக்கலாம்னு முடிவு பண்ணுங்க.